ஊராட்சி வாங்கும் பொருள்: நாமும் புரட்டிப் பார்க்கலாம்



சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் நாம் எப்படி வாங்குகிறோம்? ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறோம். காம்பு வாடியிருக்கா, பூச்சி இருக்கா என்று பார்க்கிறோம். "நேத்து வாங்கினது பாதி சொத்தை" என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். வீட்டுக்கு ஒரு பாத்திரம் எடுத்தால், "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று தட்டிப் பார்க்காமல் எடுப்பதில்லை.

இதே நம்முடைய பணத்தில் ஊராட்சியும் ஆண்டு முழுக்கப் பொருள் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? "அது தலைவர் பார்த்துப்பாரு, கிளார்க் பார்த்துப்பாரு, நமக்கெதுக்கு வம்பு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் வாங்கின தெருவிளக்கு மூன்று மாதத்தில் அணைந்து போனால், இருட்டில் நடப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான். விழாவுக்கு வாங்கின பிளாஸ்டிக் தட்டைக் கொளுத்தினால், அந்தப் புகை வருவது நம் வீட்டுக்குள்தான். ஆகவே இந்த மாதப் பாடத்தில், ஊராட்சி எப்படிப் பொருள் வாங்குகிறது, அதை மண்ணுக்கும் மக்களுக்கும் கேடில்லாமல் வாங்கவைக்க நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஊராட்சி என்னென்ன வாங்குகிறது?

ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம். தெருவிளக்கு, ஒயர், சுவிட்சு. குடிநீர் மோட்டார், குழாய், கைப்பம்பு உதிரிபாகம். மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர். துப்புரவுக்கு துடைப்பம், கூடை, பினாயில், கையுறை. குப்பை அள்ள மூன்று சக்கர வண்டி அல்லது பேட்டரி வண்டி. கட்டட வேலைக்கு செங்கல், சிமெண்ட், மணல். ரோடு போட ஜல்லியும் தாரும். மரக்கன்று, கூண்டு. கூட்டம் நடந்தால் டீ கப், தண்ணீர் பாட்டில், பேனர். அலுவலகத்துக்கு காகிதம், விளக்கு, மின்விசிறி.

ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் செலவு போலத் தெரியும். ஆனால் நம் மாநிலத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனை ஊராட்சியும் பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று சொன்னால், கப் செய்கிற கம்பெனியே வேறு தொழிலுக்கு மாறவேண்டி வரும். நாம் ஒருத்தி வாங்காவிட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. அரசு வாங்காவிட்டால் சந்தையே திரும்பிப் பார்க்கும்.

இதற்கு நடந்த உதாரணம் ஒன்று உண்டு. எல்.இ.டி. பல்பு வந்த புதிதில் விலை அதிகம். 2014-ல் மத்திய அரசின் ஈ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். கோடிக்கணக்கில் தொடர்ந்து வாங்க வாங்க, 2016-ல் அது 38 ரூபாய்க்கு வந்தது. இரண்டே ஆண்டு! அரசு சேர்ந்து, நிறைய, தொடர்ந்து வாங்கினதால் வந்த மாற்றம் இது. இன்றைக்கு நம் வீட்டில் எரிகிற பல்பும் அதனால்தான் மலிவாகக் கிடைக்கிறது.

விலை குறைந்தது வேறு, மலிவானது வேறு

"யாரு குறைச்ச விலை கொடுத்தாங்களோ அவங்ககிட்ட வாங்கணும்" என்பதுதான் பொதுவாக எல்லோரும் சொல்வது. சரிதான், பொதுப்பணம் வீணாகக் கூடாது. ஆனால் எந்த விலையைப் பார்ப்பது? கடையில் கொடுக்கிற விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு கணக்குப் போடுவோம். இதிலுள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

ஒரு ஊராட்சிக்கு 50 தெருவிளக்கு வேண்டும். ஒரு விளக்கு 800 ரூபாய், ஆனால் ஒரு வருடம்தான் ஓடும். இன்னொன்று 1,600 ரூபாய், 5 வருடம் உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள்.

முதல் விளக்கு: 5 வருடத்துக்கு 5 தடவை வாங்க வேண்டும். ஒரு கம்பத்துக்கு 4,000 ரூபாய். 50 கம்பத்துக்கு 2 லட்சம்.

இரண்டாவது விளக்கு: ஒரே தடவை. 50 கம்பத்துக்கு 80,000 ரூபாய்.

வித்தியாசம் 1 லட்சத்து 20 ஆயிரம். ஒவ்வொரு தடவையும் கம்பம் ஏறி மாட்டுகிற கூலி தனி. அணைந்த விளக்கை மாற்றும்வரை தெரு இருட்டாகக் கிடப்பதற்கு விலையே போட முடியாது. இரவில் கழிப்பறைக்குப் போகிற பெண்ணும், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளையும் அந்த இருட்டில்தான் நடக்க வேண்டும்.

இனி மின்சாரம். பழைய 40 வாட் டியூப்லைட், சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 55 வாட் இழுக்கும். அதற்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால், இரவு 12 மணி நேரத்தில் ஒரு விளக்குக்கு 0.42 யூனிட் மிச்சம். 50 விளக்குக்கு ஒரு நாளைக்கு 21 யூனிட். ஒரு வருடத்துக்கு 7,665 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 61,320 ரூபாய் மிச்சம். மின்சார பாக்கி கட்டவே பணம் போதவில்லை என்று எத்தனை ஊராட்சியில் சொல்கிறார்கள்! மிச்சமான பணத்தை அந்தப் பாக்கிக்குக் கட்டலாம். அந்த அளவுக்கு நிலக்கரி எரிவதும் குறையும்.

ஆகவே மலிவு என்றால் என்ன? வாங்குகிற விலை, ஓட்டுகிற செலவு, ரிப்பேர் செலவு, கடைசியில் தூக்கிப்போடுகிற செலவு, இந்த நான்கையும் கூட்டி எது குறைவோ அதுதான் மலிவு.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இது தேவைதானா? புதிதாக வாங்காமல் பழையதைப் பழுது பார்த்து ஓட்ட முடியுமா? இருப்புப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறதா? பிளீச்சிங் பவுடரைப் பாருங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்கினால், காற்றும் ஈரமும் பட்டு அதிலுள்ள குளோரின் வீரியம் போய்விடும். பிறகு எவ்வளவு போட்டாலும் தண்ணீர் சுத்தமாகாது. கொஞ்சம் கொஞ்சமாக, தேதி பார்த்து, மூடி பிரிக்காத பை வாங்குவதே லாபம்.

2. எத்தனை நாள் உழைக்கும்? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? பழுதானால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள்? பேட்டரி வண்டி வாங்கிவிட்டு, பேட்டரி போனபின் மாற்ற ஆளில்லாமல் ஊராட்சி அலுவலகம் பின்னால் துருப்பிடித்து நிற்கிற காட்சியைப் பல ஊர்களில் நாம் பார்த்திருக்கிறோம். நல்ல எண்ணத்தில் வாங்கினதுதான். பழுது பார்ப்பதைப் பற்றிக் கேட்காமல் வாங்கினதால் வந்த நிலை.

3. ஓடுவதற்கு எவ்வளவு மின்சாரம், தண்ணீர், எண்ணெய் வேண்டும்? மின்விசிறி, மோட்டார் போன்றவற்றில் நட்சத்திரக் குறி பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூட மின்சாரம் குறையும். இந்தக் குறியீடு 2006 முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. குறி ஒட்டிய பொருளையே வாங்குவது என்று ஊராட்சி முடிவெடுக்கலாம்.

4. எதில் செய்தது? எங்கே செய்தது? சூளைச் செங்கல்லுக்கு வயலின் மேல்மண் போகிறது, விறகோ நிலக்கரியோ எரிகிறது. சாம்பல் செங்கல்லை எடுத்துக்கொண்டால், மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களில் மலைபோல் குவிகிற சாம்பலில் சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து, அச்சில் அழுத்தி, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துகிறார்கள். சூளையில் வைத்து எரிக்கத் தேவையில்லை. அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இந்தச் சாம்பலைக் கட்டடப் பொருளில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. பிறகு அந்தச் சுற்றளவைக் கூட்டியும் இருக்கிறது. துடைப்பமும் அப்படித்தான். நம் ஊர் தென்னை ஈர்க்கில் கட்டினது இருக்க, பிளாஸ்டிக் துடைப்பம் வெளியூரிலிருந்து எதற்கு?

5. பயன்படுத்தி முடித்தபின் எங்கே போகும்? எல்லோரும் மறந்துபோகிற கேள்வி இது. பழைய டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பைமேட்டில் போட்டால் அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். குப்பை அள்ளுகிற தூய்மைக் காவலர் கையையும் கிழிக்கும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. "பழசைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று விற்கிறவரிடம் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக்: சட்டம் இருக்கிறது, ஊராட்சியே முன்மாதிரி ஆகட்டும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1.1.2019 முதல் தடை வந்தது. நாடு முழுவதற்குமான தடை 1.7.2022 அன்று வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கடைக்காரரிடம் பையைப் பறிமுதல் செய்து அபராதம் போடுகிற அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கிறது. அப்படியிருக்க, ஊராட்சி விழாவிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பில் டீ கொடுத்தால் கடைக்காரர் என்ன சொல்வார்? "முதல்ல உங்க கூட்டத்துல நிறுத்துங்க சார்" என்பார். நியாயம்தானே?

இங்கே இரண்டு செய்தியை நினைவில் வையுங்கள். ஒன்று, காகிதக் கப் என்று சொன்னாலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அது மக்காது. இரண்டு, துணி மாதிரித் தெரிகிற 'நான்-ஓவன்' பை பருத்தித் துணி அல்ல. அதுவும் பிளாஸ்டிக் இழைதான். தீக்குச்சி கொளுத்தி ஒரு நூலைக் காட்டினால் தெரிந்துபோகும். பருத்தி சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிக் கட்டியாகும்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் 2015-ல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது 'பசுமை நெறிமுறை' என்று ஒன்று வகுத்தார்கள். தூக்கியெறியும் தட்டு, டம்ளர், பாட்டிலைக் குறைத்து, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தைக் கொண்டு வந்தார்கள். பிறகு அரசு அலுவலகம், கல்யாண வீடு என்று அந்தப் பழக்கம் பரவியது. அங்கே 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள்தான் இன்று 'ஹரித கர்ம சேனை'யாக வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான் அவர்களும்.

சேகரித்த பிளாஸ்டிக்கும் வீணாகத் தேவையில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் அவர்கள், கழிவு பிளாஸ்டிக்கைத் துணுக்காக்கி, சூடான ஜல்லியின்மேல் தூவி உருகவைத்து, அதன்பின் தார் கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒற்றைவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும். அந்த அளவுக்குத் தார் மிச்சம். ஆனால் எல்லா பிளாஸ்டிக்கும் ஆகாது. பேனர் அடிக்கிற பி.வி.சி. ஃபிளெக்ஸைச் சூடாக்கினால் நச்சுவாயு வரும். அதைச் சேர்க்கவே கூடாது. அதனால்தான் ஊராட்சி பேனரைத் துணியில் எழுதச் சொல்கிறோம்.

ஊராட்சி எப்படி வாங்குகிறது? எந்த இடத்தில் நாம் பேசலாம்?

ஊராட்சி பொருள் வாங்க ஒரு முறை உண்டு. முதலில் தேவை. பிறகு மன்றத்தின் தீர்மானம். பிறகு விலைப்புள்ளி, தொகை பெரிதானால் டெண்டர். பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன்பின் பணம் கொடுக்க வேண்டும். அரசுக் கொள்முதல் ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-ல் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விலைப்புள்ளி கேட்கும்போதே பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். '50 தெருவிளக்கு தேவை' என்று மட்டும் எழுதினால் யார் மட்டமான விளக்கைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டிவரும். '20 வாட் எல்.இ.டி., 5 ஆண்டு எழுத்துப்பூர்வ உத்தரவாதம், பழுதானால் 7 நாளில் மாற்றித் தர வேண்டும், பழைய விளக்கைத் திரும்ப எடுக்க வேண்டும்' என்று எழுதினால், அந்தத் தகுதி உள்ளவர்களுக்குள் யார் குறைந்த விலையோ அவரிடம் வாங்கலாம். சட்டத்துக்கும் சரி, ஊருக்கும் சரி.

இதைப் பேசுகிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கிராம சபை என்று 2022-ல் அரசு அறிவித்தது. தலைவர் பொறுப்பில் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபையில் பேசுகிற உரிமை நமக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நம் ஊரில் 10 குழு இருந்து, குழுவுக்கு 12 பேர் போனாலே 120 பேர். நாம் போனாலே பல ஊர்களில் கூட்டம் நிறைந்துவிடும்!

தீர்மானம் எழுத ஒரு மாதிரி தருகிறோம்:

*"நமது ஊராட்சி இனி வாங்கும் பொருட்களில், நீடித்து உழைப்பது, மின்சாரம் குறைவாக எடுப்பது, மறுபடி பயன்படுத்தக் கூடியது ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி கோரும்போதே நிபந்தனை சேர்ப்பது என்றும், ஊராட்சிக் கூட்டங்களிலும் விழாக்களிலும் தூக்கியெறியும் தட்டு, கப், பிளாஸ்டிக் பாட்டில், ஃபிளெக்ஸ் பேனர் பயன்படுத்துவதில்லை என்றும், ஆண்டுதோறும் வாங்கிய பொருட்களின் பட்டியலைக் கிராம சபையில் படிப்பது என்றும் இந்தக் கிராம சபை தீர்மானிக்கிறது."*

தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். என்ன வாங்கினார்கள், என்ன விலைக்கு என்று தெரிய வேண்டுமா? 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரி போகவேண்டியதில்லை. நம் வீட்டுக் கணக்கைக் கேட்பது போலக் கேட்கலாம்.

நம் குழுவும் விற்கலாமே?

நிச்சயமாக. துணிப்பை, மஞ்சப்பை, துணி பேனர், தென்னந்துடைப்பம், பினாயில், மண்புழு உரம், மரக்கன்று எல்லாம் நம் குழுக்கள் செய்கிறவைதானே. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் பல ஆண்டுகளாகத் தைத்து வருகிறார்கள். அரசு வாங்கினால் எத்தனை பெண்களுக்குக் கஞ்சி கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டுவிட்டு, ஆர்டர் இல்லாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிற குழுக்களை நமக்குத் தெரியும். தவணை மட்டும் மாதா மாதம் வந்துவிடுகிறது.

ஆனால் "நாங்க ஏழைப் பெண்கள், எங்ககிட்ட வாங்குங்க" என்று கேட்பதில் பயனில்லை. "எங்க பொருள் நல்லா இருக்கு, பாருங்க" என்று கேட்க வேண்டும். அதற்கு:

• பொருளின் மாதிரி ஒன்றும், விலைப்பட்டியலும் தயாராக வைத்திருங்கள்.

• குழு பெயரில் வங்கிக் கணக்கு, பில் புத்தகம், உத்யம் பதிவு வைத்திருங்கள்.

• சொன்ன தேதிக்குச் சொன்ன எண்ணிக்கை கொடுங்கள். ஒரு குழுவால் முடியாவிட்டால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலம் நான்கு குழு சேர்ந்து எடுங்கள்.

• பை தையல் பிரிந்தால் மாற்றித் தருவோம் என்று நீங்களும் உத்தரவாதம் எழுதிக் கொடுங்கள். மற்றவரிடம் கேட்பதை நாமும் கொடுக்க வேண்டும் அல்லவா?

• வார்டு உறுப்பினராக இருக்கும் சகோதரி, தன் ஊராட்சியோடு தன் பெயரில் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அவர் குழுவில் இருந்தால் முன்கூட்டியே அதிகாரியிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மேல் ஒரு சொல் வரக்கூடாது.

இன்னொரு யோசனை. கூட்டமைப்பு 200 எவர்சில்வர் டம்ளரும் தட்டும் வாங்கி வாடகைக்கு விடலாம். கிராம சபை, கோயில் விழா, சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் போகும். கூட்டமைப்புக்கு வருமானம், ஊருக்குக் குப்பை மிச்சம்.

குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கு

1. போன ஒரு வருடத்தில் நம் ஊராட்சி வாங்கியதில் எது நன்றாக உழைக்கிறது? எது பாழாகிக் கிடக்கிறது?

2. நம் தெருவில் எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை எரியவில்லை? ஒரு நாள் இரவு இரண்டு பேராகப் போய் எண்ணி எழுதுங்கள்.

3. நம் குழு செய்யும் பொருளில் எதை ஊராட்சி வாங்க முடியும்? இப்போது அதை எங்கே வாங்குகிறார்கள்?

4. அடுத்த கிராம சபையில் தீர்மானத்தை யார் வாசிப்பது? யார் வழிமொழிவது? பெயரை இன்றே முடிவு செய்து குழு நோட்டில் எழுதுங்கள்.

எண்ணிய விளக்குக் கணக்கையும், எழுதிய பெயரையும் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர்க் கணக்கையும் ஒரே தாளில் சேர்த்து, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்போம். கத்தரிக்காயில் சொத்தை கண்டுபிடிக்கிற கண் நமக்கு இருக்கிறது. அந்தக் கண்ணால் ஊராட்சிக் கணக்கையும் ஒரு தடவை பார்ப்போம்.